உதவி: 5 பேர், 12 வாரம், எல்லாமே முக்கியமாம். எப்படிப் பிரிப்பது?

பில்லுக்காரன்: மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எங்களுடையது. இந்தக் காலாண்டுக்கு 60 ஆள்-வாரம் (ஒருவர் ஒரு வாரம் செய்யும் வேலை ஒரு ஆள்-வாரம்) இருந்தது, புது வசதிகளுக்கே பாதி போய்விட்டது. மீதி 30-ல் வேகம் கூட்ட வேண்டும், பாதுகாப்பைப் பார்க்க வேண்டும், பழைய நிரலைச் சுத்தம் செய்ய வேண்டும், சர்வரும் விழக்கூடாது (விற்பனைப் பிரிவு 99.99% நேரம் சர்வர் ஓடும் என்று வாடிக்கையாளரிடம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறது, கையெழுத்து இன்னும் ஆகவில்லை). மேலாளர் எக்செலில் நாலுக்கும் கால்வாசி என்று போட்டுவிட்டார். இது சரிப்படுமா?

ராத்திரி_டூட்டி: முதலில் அந்த 99.99-ஐ நிமிடமாக்கிப் பாருங்கள். 30 நாளில் 43,200 நிமிடம். 99.9% என்றால் மாதம் 43 நிமிடம் விழலாம், 99.99% என்றால் நாலு நிமிடம் சொச்சம்தான். ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடித்து ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறப்பதற்குள் அது தீர்ந்துவிடும், அதனால் ஆள் கை வைக்காமல் தானாக மாறிக்கொள்கிற இரண்டாவது சர்வர், டேட்டாபேஸ் நகல், அதற்கெல்லாம் ஒத்திகை என்று 30 வாரத்தையும் அதுவே விழுங்கிவிடும். கடை ராத்திரி மூடிவிடும்தானே? கடை நேரத்துக்கு மட்டும் 99.9% என்று பேசிப் பாருங்கள்.

பழைய_கை: சரி, ஆனால் பாதுகாப்பை இந்தப் பேரத்தில் சேர்க்காதீர்கள். 2017-ல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தில் நடந்தது தெரியும்தானே, அவர்கள் பயன்படுத்திய அபாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளின் ஓட்டைக்கு மார்ச்சிலேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வந்தும் போடாமல் விட்டதில் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. பாதுகாப்புக்கு வேண்டியது நிறைய ஆள்-வாரம் இல்லை, வாராவாரம் யாராவது ஒருவர் லைப்ரரிகளை (நீங்கள் எடுத்துப் பயன்படுத்தும் பிறர் எழுதிய நிரல்களை) பார்த்துப் புதுப்பிப்பது. அப்புறம், பேக்கப்பை ஒரு தடவையாவது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா? வேகம் என்கிறீர்களே, எந்தத் திரை?

பில்லுக்காரன்: ரீஸ்டோர் செய்ததே இல்லை, வெட்கமாக இருக்கிறது. ஸ்லோ குவெரி லாக்கை (டேட்டாபேஸில் எந்தத் தேடல் தாமதம் என்று காட்டும் பதிவை) போட்டுப் பார்த்தேன். புகார் முழுக்க காலாவதி மருந்து அறிக்கையில்தான், தேதிப் பத்தியில் இண்டெக்ஸே (சீக்கிரம் தேட உதவும் அட்டவணையே) இல்லை! போட்டதும் உடனே வந்துவிட்டது. வேகத்துக்கு ஒதுக்கியதில் பெரும்பகுதி மிச்சம்.

ராத்திரி_டூட்டி: அந்த மிச்சத்தைப் பழைய நிரல் முழுக்கப் பரப்பாதீர்கள். அடிக்கடி கை வைக்கிற வரிக் கணக்குப் பகுதிக்கு மட்டும் டெஸ்ட் (நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் நிரல்) எழுதுங்கள், யாரும் தொடாத இடம் அசிங்கமாகவே இருக்கட்டும்.

பில்லுக்காரன்: நன்றி. 99.9-க்கு விற்பனைப் பிரிவு இறங்கி வந்துவிட்டது, நிமிடக் கணக்கைக் காட்டியதும். எக்செலைத்தான் மேலாளர் இன்னும் மாற்ற விடவில்லை.