பார்படோஸில் ஒரு வருடம்: நாள் கணக்கா, வாரக் கணக்கா?

கடற்காகம்:
பார்படோஸில் ஒரு வருடம் தங்கி, அங்கிருந்தே வேலை பார்க்கப்போகும் தம்பி ஒருவர், வாடகை போக நாளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டிருந்தார். 40 அமெரிக்க டாலர், அதாவது 80 பார்படோஸ் டாலர். 1975 முதல் ஒன்றுக்கு இரண்டு என்றே மதிப்பு நிற்பதால் கணக்கு சுலபம். காலையில் 80-ஐ எண்ணிச் சட்டைப்பையில் வையுங்கள். தீர்ந்தால் அன்றைய செலவு முடிந்தது. எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.

வெண்டைத்தோட்டம்:
அண்ணா, பத்து நாள் சுற்றுலாவுக்கு இது சரி. ஒரு வருடத்துக்கு ஏமாற்றிவிடும். அங்கே ஒரு வருடம் தங்கி வெளிநாட்டு வேலை பார்க்கத் தரும் வெல்கம் ஸ்டாம்ப் அனுமதிக்கே ஒருவருக்கு 2,000 அமெரிக்க டாலர். 365 நாளுக்குப் பிரித்தால் தினமும் ஐந்தரை டாலர். அது உங்கள் சட்டைப்பைக் கணக்கில் இல்லையே!

அப்புறம் மின்சாரம். தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இறக்குமதி எண்ணெயில்தான் வருகிறது. முதல் மாதம் இரவெல்லாம் ஏசி போட்டேன். பில்லைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. பிறகு கிழக்கே ஜன்னல் உள்ள வீட்டுக்கு மாறினேன். கடல்காற்று பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வீசும். மின்விசிறியே போதுமாக இருந்தது.

கடற்காகம்:
அனுமதிக் கட்டணத்தை விட்டது என் தவறு. ஆனால் பணம் கரைவது சில்லறையில்தான். பஸ் கட்டணம் 2019-இல் 3.50 பார்படோஸ் டாலர் ஆனது. எவ்வளவு தூரம் போனாலும் அதுதான். தினம் இரண்டு முறை ஏறினால் மாதம் 210. அரசின் நீல பஸ்ஸில் மீதி தரமாட்டார்கள். ஐந்து டாலர் தாளைப் போட்டால் ஒன்றரை போச்சு. மஞ்சள் மினிபஸ்ஸிலும் ஸெட்ஆர் (ZR) என்று பதிவெண் தொடங்கும் வெள்ளை வேனிலும் மீதி கிடைக்கும்.

ஈரப்பலா:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். டாக்ஸியில் மீட்டர் கிடையாது. "முப்பது டாலர்" என்றால் எந்த நாட்டு டாலர் என்று ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வெண்டைத்தோட்டம்:
சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். நாள் கணக்கு உடைவதே அங்குதான். நான் வாரத்துக்கு மொத்தமாக ஒதுக்கும் வாரக் கணக்கு. சனிக்கிழமை விடியலில் தலைநகர் பிரிட்ஜ்டவுனின் சீப்சைட் சந்தைக்குப் போவேன். சர்க்கரைவள்ளி, சீமைப்பலா, வெண்டை, பருவத்தில் பச்சைத் துவரை. அங்கிருந்து ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தை. "டால்ஃபின்" என்று விற்பதைக் கேட்டுப் பதறாதீர்கள், அது மாஹி மாஹி மீன். கேட்டால் வெட்டியே தருவார்கள். அன்று 120 பார்படோஸ் டாலர் போகும். செவ்வாய், புதனில் ஒரு காசு போகாது. 80-தான் எல்லை என்றால் அந்தச் சனிக்கிழமைப் பையை நிரப்பவே முடியாது. தினமும் கொஞ்சம் வாங்கி, மீதிக்கு ஹோட்டலில் சாப்பிடுவீர்கள். ஹோட்டல் பில்லில் 17.5 சதவீத வரியும் உண்டு.

தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். பவளச் சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வரும் குழாய்த் தண்ணீர் அவ்வளவு நன்றாக இருக்கும்.

கடற்காகம்:
வாரக் கணக்கை நானும் முயன்றேன். வியாழனே கை காலியாகி, வெள்ளி இரவு ஆய்ஸ்டின்ஸில் மீன் பொரியும்போது வேடிக்கைதான் பார்த்தேன். என் கைக்கு நாள் கணக்குதான் கட்டுப்படும்.

வெண்டைத்தோட்டம்:
உங்கள் கை அப்படி. சமைக்கத் தெரிந்தவருக்கு அதைச் சொல்லாதீர்கள் அண்ணா. தம்பி, எந்தக் கணக்கு வைத்தாலும் வீட்டைச் சீசனுக்கு முன்பே பேசி முடியுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வாடகை ஏறிவிடும். மின்கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.