ஹில்ட்: இரண்டு ஃபீச்சர் மாட்யூலுக்கும் ஒன்றின் தரவு மற்றொன்றுக்கு வேண்டும். எப்படிப் பிரிப்பது?

கேள்வி

கோட்லினில் எழுதிய ஆண்ட்ராய்டு ஆப். எல்லாம் ஒரே கிரேடில் (ஆப்பைக் கட்டும் பில்ட் கருவி) மாட்யூலில் இருந்ததை இப்போது ஆப், கோர்-நெட்வொர்க், கோர்-டேட்டாபேஸ், ஃபீச்சர்-கார்ட், ஃபீச்சர்-ப்ரொஃபைல் என்று பிரிக்கிறேன். டிபென்டென்சி இன்ஜெக்‌ஷனுக்கு, அதாவது ஒரு கிளாஸுக்குத் தேவையானவற்றை வெளியிலிருந்து கொடுக்க, ஹில்ட்.

கார்ட் திரைக்குப் பயனரின் முகவரி வேண்டும். அது ப்ரொஃபைலில் இருக்கிறது. ப்ரொஃபைல் திரையிலோ கார்ட்டில் எத்தனை பொருள் என்று காட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று சேர்த்தால் கிரேடில் சர்குலர் டிபென்டென்சி என்று பில்டை நிறுத்திவிடுகிறது. பொதுவானதை எல்லாம் கோர்-காமனில் போட்டால் அது வீங்கிக்கொண்டே போகிறது. ஹில்ட் மாட்யூல்களை (எதை எப்படித் தருவது என்று ஹில்டுக்குச் சொல்லும் கிளாஸ்கள்) எங்கே வைப்பது என்பதும் புரியவில்லை.

பதில் 1

கோர்-காமனை இப்போதே நிறுத்துங்கள். அதில் ஒரு வரி மாறினாலும் அதைச் சார்ந்த மாட்யூல்கள் மறுபடி கம்பைல் ஆக நேரிடலாம். பிரித்ததன் பலனே போய்விடும்.

ஒவ்வொரு ஃபீச்சரையும் இரண்டாக வெட்டுங்கள். ப்ரொஃபைல்-ஏபிஐ மாட்யூலில் முகவரியைத் தரும் இன்டர்ஃபேஸ், அது திருப்பித் தரும் டேட்டா கிளாஸ், இவ்வளவுதான். ரூம் (டேட்டாபேஸ் லைப்ரரி) என்டிட்டியோ ரெட்ரோஃபிட் (நெட்வொர்க் லைப்ரரி) ரெஸ்பான்ஸ் கிளாஸோ இதற்குள் வரக் கூடாது. ஆண்ட்ராய்டு லைப்ரரியாகக்கூட வேண்டாம், வெறும் கோட்லின் ஜேவிஎம் மாட்யூல் போதும். மேனிஃபெஸ்ட், ரிசோர்ஸ் வேலைகள் இல்லாததால் பில்டும் லேசாகும். திரை, வியூமாடல், ரெபாசிட்டரி, ஹில்ட் மாட்யூல் எல்லாம் ப்ரொஃபைல்-இம்ப்ல் (இம்ப்ளிமென்டேஷன்) மாட்யூல் உள்ளே. கார்ட்டுக்கும் அதே மாதிரி. பொருள் எண்ணிக்கையை ஒரு ஃப்ளோவாக, அதாவது மாறும்போதெல்லாம் புது மதிப்பை அனுப்பும் ஓடையாக, கார்ட்-ஏபிஐ தரட்டும்.

விதி ஒன்றுதான்: இம்ப்ல் எதுவும் இன்னொரு இம்ப்லைச் சாரக் கூடாது. கார்ட்-இம்ப்ல் ப்ரொஃபைல்-ஏபிஐயைச் சாரும், ப்ரொஃபைல்-இம்ப்ல் கார்ட்-ஏபிஐயைச் சாரும். எல்லா இம்ப்லையும் அறிந்தது ஆப் மாட்யூல் மட்டுமே. சுற்று அங்கேயே அறுந்துவிடும்.

ஹில்ட் மாட்யூலை அப்ஸ்ட்ராக்ட் கிளாஸாக எழுதி, பைண்ட்ஸ் அன்னோடேஷன் கொண்டு இன்டர்ஃபேஸை அதன் கிளாஸோடு இணைத்து, சிங்கிள்டன் காம்பொனென்ட்டில் இன்ஸ்டால் செய்யுங்கள். இணைக்கப்படும் கிளாஸை இன்டர்னல் ஆக்கினால் ஹில்ட் மாட்யூல் கிளாஸையும் இன்டர்னல் ஆக்க வேண்டும். இல்லையேல் கம்பைலர் விடாது. உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களை மட்டும் இன்டர்னல் ஆக்காதீர்கள், அவற்றின் பெயரைக் கோட்லின் உருமாற்றிவிடும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. அதைச் செய்ததும் அடுத்து இடிக்கும் இடங்கள் இவை.

ஹில்ட் அன்னோடேஷன் உள்ள ஒவ்வொரு கிரேடில் மாட்யூலிலும் ஹில்ட் கம்பைலரைச் சேர்த்தாக வேண்டும். ப்ரொஃபைல்-இம்ப்லில் விட்டுப்போனால் அந்த மாட்யூல் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிடும். பிழை ஆப் மாட்யூலில் மிஸ்ஸிங் பைண்டிங் என்று வெடிக்கும். பலரும் பைண்ட்ஸ் வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், குறை பில்ட் ஃபைலில் இருக்கும். ஹில்ட் கம்பைலரை இயக்குவது இன்னும் பழைய கேப்ட் கருவி என்றால் புதிய கேஎஸ்பிக்கு மாறுங்கள், ஹில்டின் அடித்தளமான டாகர் 2.48 முதல் ஆதரவு உண்டு.

அடுத்தது, எது எதைச் சார்கிறது என்ற மொத்த கிராஃபையும் ஹில்ட் ஆப் மாட்யூலில்தான் கட்டுகிறது. கோர்-நெட்வொர்க்கை இம்ப்ல் மாட்யூல் 'இம்ப்ளிமென்டேஷன்' (வெளியே காட்டாத கிரேடில் சார்பு) என்று சேர்த்திருந்தால், அதன் கிளாஸ்கள் ஆப்புக்குத் தெரியாமல் போகலாம். இதற்காக எல்லாவற்றையும் கிரேடிலின் 'ஏபிஐ' (வெளியே காட்டும் சார்பு) ஆக மாற்றிவிடாதீர்கள். ஹில்ட் கிரேடில் ப்ளகினில் அக்ரிகேட்டிங் டாஸ்க் இயங்குகிறதா என்று பாருங்கள், இதற்காகவே இருக்கிறது.

சிங்கிள்டன் (ஆப் முழுக்க ஒரே பிரதி) அன்னோடேஷனை ஓகேஹெச்டிடிபி க்ளையன்ட், ரூம் டேட்டாபேஸ் போன்றவற்றுக்கு மட்டும் போடுங்கள். நிலை எதையும் வைத்திருக்காத யூஸ்கேஸ் கிளாஸுக்கு அது வீண்.

கேள்வி கேட்டவர்

நன்றி, கிரேடில் பிழை போய்விட்டது. கார்ட்டிலிருந்து ப்ரொஃபைல் திரைக்குப் போவது எப்படி? கார்ட்-இம்ப்லுக்கு அந்தத் திரை தெரியாதே. ஒரு ஃபீச்சரைப் பின்னால் டைனமிக் ஃபீச்சராக (தேவைப்படும்போது தரவிறக்கும் பகுதி) மாற்றும் எண்ணமும் உண்டு.

பதில் 3

போக வேண்டிய ரூட்டை (திரையைக் குறிக்கும் பாதைப் பெயர்) ப்ரொஃபைல்-ஏபிஐயில் வையுங்கள். கார்ட்டுக்கு அது போதும். திரையைப் பதிவு செய்ய, பொதுவான நேவிகேஷன் மாட்யூல் ஒன்றில் ஃபீச்சர்-என்ட்ரி என்ற இன்டர்ஃபேஸ் எழுதுங்கள். ஒவ்வொரு இம்ப்லும் தன் என்ட்ரியை இன்டு-செட் (ஒரே செட்டில் சேர்க்கும் டாகர் அன்னோடேஷன்) மூலம் சேர்க்கும். ஆப் அந்த செட்டை இன்ஜெக்ட் செய்து, ஒவ்வொன்றையும் நேவிகேஷன் கிராஃபில் சேர்த்துவிடும். செட்டின் டைப்புக்கு ஜேவிஎம் சப்ரெஸ் வைல்ட்கார்ட்ஸ் அன்னோடேஷன் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இருக்கிற பைண்டிங்கையே டாகர் இல்லை என்று சொல்லும்.

டைனமிக் ஃபீச்சர் வேறு கதை. அங்கே ஃபீச்சர்தான் ஆப்பைச் சார்கிறது, திசை தலைகீழ். ஆப் கட்டும் கிராஃபுக்குள் அதன் ஹில்ட் மாட்யூல் வரவே முடியாது. தேவையானவற்றை ஆப் மாட்யூலில் ஒரு என்ட்ரிபாயின்ட் (ஹில்ட் கிராஃபிலிருந்து வெளியே எடுக்கும் வாசல்) இன்டர்ஃபேஸாக வெளியிட்டு, ஃபீச்சருக்குள் சாதாரண டாகர் காம்பொனென்ட் எழுதி, அந்த என்ட்ரிபாயின்ட்டை அதன் டிபென்டென்சியாகக் கொடுங்கள். அங்கே ஹில்ட் வியூமாடலும் கிடைக்காது, ஃபேக்டரியை நீங்களே எழுத வேண்டும். தரவிறக்கித் தர வேண்டிய அளவுக்குப் பெரிய ஃபீச்சர் இல்லையென்றால் இந்த வழிக்குப் போகாதீர்கள்.