வெள்ளத்தை அனுப்பியவரும் காப்பாற்றியவரும் ஒருவரா?

சுடுமண்:
பைபிளில் வரும் நோவாவின் வெள்ளக் கதை மெசொப்பொத்தாமியாவிலிருந்து (இன்றைய ஈராக் பகுதி) வந்தது என்றாலே சிலருக்குக் கோபம் வருகிறது. பண்டைய அசீரியத் தலைநகரான நினிவேயில் கிடைத்த களிமண் பலகைகளில் ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் ஸ்மித் 1872இல் வாசித்தது என்ன? பாபிலோனியரின் கில்கமேஷ் காவியத்தின் 11ஆம் பலகையில், வெள்ளத்திலிருந்து தப்பிய உத்னபிஷ்டிம் கப்பல் கட்டுகிறான். அது மலைமேல் தங்குகிறது. புறாவையும் தகைவிலானையும் காகத்தையும் பறக்கவிடுகிறான். பிறகு பலியிடுகிறான்; வாசனை பிடித்த தெய்வங்கள் ஈக்களாய் மொய்க்கின்றன. பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் 8:21ஐப் பாருங்கள்: "சுகந்த வாசனையைக் கர்த்தர் முகர்ந்தார்." எபிரேயரின் கடவுள், அந்தக் கதையில் வெள்ளத்தை அனுப்பும் தெய்வமான என்லில்தான், பெயர்தான் வேறு.

ஒலிவமரம்:
கதைக்கு உறவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கடவுள் அவரல்ல. அத்ரஹாசிஸ் என்ற இன்னொரு மெசொப்பொத்தாமிய வெள்ளக் காவியத்தில் மனிதரின் இரைச்சலால் என்லிலின் தூக்கம் கெடுகிறது. அதற்காக உலகையே மூழ்கடிக்கிறார். ஆதியாகமத்தில் பூமி கொடுமையால் நிறைந்ததுதான் காரணம். மெசொப்பொத்தாமியக் கதையில் பலியிட ஆளில்லாமல் தெய்வங்கள் பசியால் வாடுகின்றன. கர்த்தர் பசித்திருந்தார் என்று ஒரு வரி காட்டுங்கள், பார்க்கலாம்.

சுடுமண்:
பசியில்லாதவருக்கு வாசனை எதற்கு? பசியை நீக்கியவர்களால் அந்தக் காட்சியை நீக்க முடியவில்லை.

வடகரை:
இருவரும் பாபிலோனையே பார்க்கிறீர்கள். 1929இல் சிரியாவின் ராஸ் ஷாம்ராவில் தோண்டத் தொடங்கியபோது உகாரித் என்ற பண்டைய நகரின் பலகைகள் வெளிவந்தன. அவற்றில் கானானியரின் புயல் தெய்வமான பாகால் கொல்லும் லோத்தான் என்ற சுருண்ட பாம்பு, பைபிளின் ஏசாயா 27:1இல் லிவியாதான் என்ற கடல் அரக்கனாக ஏறத்தாழ அதே அடைமொழிகளுடன் வருகிறது. கர்த்தரின் போர்வீர முகம் பக்கத்துக் கானானின் கொடை. வெள்ளக் கதை கிழக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் அதற்கு யூதர்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட கி.மு. 586இன் நாடுகடத்தல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கில்கமேஷ் பலகைத் துண்டொன்று கானான் நாட்டு நகரான மெகிதோவிலேயே கிடைத்திருக்கிறது, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஒலிவமரம்:
நல்ல சான்று. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மெசொப்பொத்தாமியாவில் அழிப்பவர் என்லில். நாணல் சுவருக்கு இப்பாலிருந்து இரகசியமாக எச்சரித்துக் காப்பவர் ஏயா என்ற இன்னொரு தெய்வம். ஒருவன் தப்பியதே என்லிலுக்குப் பொறுக்கவில்லை. எபிரேயர் இருவரையும் ஒருவராக்கினார்கள். அதனால்தான் மனிதனை உண்டாக்கியதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்றும், அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது என்றும் ஆதியாகமம் 6:6 சொல்கிறது. தன் படைப்பைத் தானே அழிக்க நேர்ந்தவரின் துயரம் அது. என்லிலுக்கு அந்தத் துயரம் கிடையாது.

சுடுமண்:
இரு தெய்வங்களின் வேலை ஒருவர் தலையில் விழுந்ததால் வந்த துயரம் அது என்று நீங்களே சொல்கிறீர்கள். பழைய கதை இல்லாமல் அந்தக் கடவுள் உருவாகியிருப்பாரா?