மறு: குளுக்கோசினோலேட் – தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

> பேசாமல் 'நோய்த்தடுப்பான்' என்றே வைத்துவிடலாம். மக்களுக்கு உடனே புரியும்.

வணக்கம் ஐயா,

கடுகு, முட்டைகோஸ், கைலான் போன்றவற்றில் உள்ள கந்தகச் சேர்மம்தான் குளுக்கோசினோலேட். அதற்கு 'நோய்த்தடுப்பான்' என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் துண்டறிக்கை பினாங்கில் பெரும்பாலும் நீரிழிவுக்காரர்களின் கைக்குத்தான் போகப்போகிறது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பெயரே நோயைத் தடுப்பதாகச் சொன்னால், "கைலான் கீரை சாப்பிடுகிறேனே, மாத்திரை எதற்கு?" என்று கேட்பவர்கள் வருவார்கள். இந்தக் காய்கறிகளை நிறையச் சாப்பிடுவோரிடம் சில புற்றுநோய்கள் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் இந்தச் சேர்மம்தான் என்பது மனிதர்களிடம் உறுதிப்படவில்லை. 1992இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பால் தலாலே குழுவினர் புரோக்கோலியிலிருந்து, குளுக்கோசினோலேட் சிதைந்து உருவாகும் சல்ஃபராஃபேனைப் பிரித்தெடுத்தார்கள். அது நச்சை வெளியேற்றும் நொதிகளைத் தூண்டுகிறது என்பதுவரை தெளிவு. அதற்கு மேல் பெயரில் ஏற்றக் கூடாது.

'கந்தகச் சேர்மம்' என்றால் வெங்காயமும் பூண்டும் உள்ளே வந்துவிடும். அவற்றில் இருப்பது வேறு வகை. 'சிலுவைப்பூச் சேர்மம்' என்பதும் சரிப்படாது. முருங்கையிலும் பப்பாளி விதையிலும் குளுக்கோசினோலேட் உண்டு, இரண்டுமே கடுகும் முட்டைகோஸும் சேர்ந்த சிலுவைப்பூக் குடும்பத்தில் இல்லை.

நான் சொல்ல வருவது 'கடுகுநெடிக் கரு'.

காரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. முழுக் கடுகை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. அதை அரைத்துத் தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நேரம் விட்டால் மூக்கில் ஏறும். கருவும் மைரோசினேஸ் என்ற நொதியும் செடிக்குள் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து நெடியுள்ள ஐசோதயோசயனேட் பிறக்கிறது. பூச்சி கடித்தாலும் இதேதான், செடிக்கு அது தற்காப்பு. எண்ணெயில் பொரிந்த கடுகில் அந்த நெடி எழாததற்கும் காரணம், சூட்டில் நொதி அழிந்துவிடுவதுதான். முருங்கை வேரைக் கீறி முகர்ந்து பாருங்கள், அதே கடுகு நெடி! ஆகவே இந்தப் பெயர் முருங்கைக்கும் பொருந்தும்.

வெறும் 'நெடி' போதாதா என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். மிளகாய் வறுத்தாலும் நெடிதான், அதனால் 'கடுகு' தேவை. சல்ஃபராஃபேனுக்கு அவ்வளவு நெடி இல்லையே என்ற கேள்வியும் நியாயமானது. பால் சர்க்கரைகூட அதிகம் இனிப்பதில்லை, ஆனாலும் சர்க்கரை என்றுதான் சொல்கிறோம். இனப்பெயர் அப்படித்தான் அமையும்.

அப்புறம், மைரோசினேஸ் 'கடுகுநெடி நொதி', ஐசோதயோசயனேட் 'கடுகுநெடியம்' ஆகும். சல்ஃபராஃபேன் போன்ற தனிப்பெயர்களை அப்படியே ஒலிபெயர்க்கலாம்.

துண்டறிக்கையில் எழுதிப் பார்த்தேன்:

"முட்டைகோஸ், சாவி (sawi) கீரை, கைலான் ஆகியவற்றில் கடுகுநெடிக் கரு உள்ளது. நறுக்கிச் சற்று நேரம் வைத்துவிட்டுச் சமைத்தால் கடுகுநெடி நொதி தன் வேலையைச் செய்யும். நறுக்கியதுமே கொதிநீரில் போட்டு வேகவிட்டால் நொதி அழிந்துவிடும். குடலிலுள்ள நுண்ணுயிரிகள் ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்."

சௌராஸ்தா சந்தையில் காய் வாங்கும் அக்காமார்களுக்கு இது புரியும் என்று நம்புகிறேன். 'கரு' என்பதற்குப் பதில் 'முன்மம்' (precursor) வேண்டும் என்போர் காரணத்தோடு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து