பவர் கேபிளைத் திருப்பிப் போட்டால் ஒலி மாறுமா?

மஞ்சக்குப்பம் ரசிகன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில், தாத்தா காலத்து வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். கணினியில் சேர்த்து வைத்திருக்கும் கர்நாடக இசைப் பதிவுகளை டிஜிட்டல் பதிவை ஒலிக்கான மின்சிக்னலாக மாற்றும் ஒரு டி.ஏ.சி. கருவி, பழைய ஜப்பானிய ஸ்டீரியோ ஆம்பிளிஃபையர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் ஆகியவற்றின் வழியாகக் கேட்டு வருகிறேன். சென்ற மாதம் வெளியூர்க் கடை ஒன்றில் ஆம்பிளிஃபையருக்கென்று 3 மீட்டர் பவர் கேபிள் வாங்கினேன். அதன் மேலுறையில் சாண் இடைவெளிக்கு ஓர் அம்புக்குறி அச்சிடப்பட்டிருக்கிறது. அம்பு சுவரிலிருந்து ஆம்பிளிஃபையரை நோக்கி இருக்க வேண்டும் என்றும், மாறினால் ஒலி மங்கிவிடும் என்றும் கடைக்காரர் உறுதியாகச் சொன்னார்.

அதில் ஒன்றரை மீட்டரை வெட்டி, அவர் சொன்னபடியே இரு முனைகளிலும் பிளக் பொருத்திக் கேட்டேன். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகியின் பதிவில், தம்புராவின் பஞ்சமத் தந்தியின் (‘ப’ ஸ்வரத் தந்தியின்) மீது மெல்லிய நடுக்கம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஆர்வம் தாங்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரு பிளக்குகளையும் கழற்றிக் கேபிளைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினேன். அம்பு இப்போது சுவரைப் பார்க்கிறது. நடுக்கம் பெருமளவு அடங்கிவிட்டது; தம்புரா தெளிந்துவிட்டது. கடைக்காரர் சொன்னதற்கு நேர்மாறான பலன் இது. அம்புக்குறியைத் தவறாக அச்சிட்டுவிட்டார்களா, அல்லது திசை என்பதே என் கற்பனையா? நடுக்கம் கற்பனை இல்லை என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. இசையே கேட்காத என் துணைவியாரும் அதைக் கவனித்தார்.

கெடிலக்கரை எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. திருப்பாதிரிப்புலியூரில் இருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் மின்சாரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். அது ஒரு நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடினால், எலெக்ட்ரான் ஒரு பக்கமாக நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதற்குள் திரும்பி வந்துவிடும். சுவரில் இருக்கும் எலெக்ட்ரான் உங்கள் ஆம்பிளிஃபையரை எட்டிப் பார்ப்பதே இல்லை. இடத்திலேயே ஊசலாடும் ஒன்றுக்கு அம்பு எந்தப் பக்கம் என்று கேட்பது, ஊஞ்சலுக்கு முன்பக்கம் எது என்று கேட்பதைப் போன்றது.

கம்பியை அச்சுத் துளை வழியே இழுக்கும்போது செம்பின் மணிகள், அதாவது அதன் நுண்ணிய படிகங்கள், ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன என்று சிலர் வாதிடுவார்கள். இழுத்த கம்பியை மென்மையாக்குவதற்காகச் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். அப்போது அந்த மணிகள் புதிதாக உருவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகும் இழை முறுக்கும்போதும் உறை போடும்போதும் கம்பி ஓர் உருளையிலிருந்து இன்னோர் உருளைக்கு மாறுகிறது; ஒவ்வொரு மாற்றத்திலும் தலை வாலாகிறது. கடைசியில் அச்சிடப்படும் அம்பு எந்தத் தலையைக் குறிக்கிறது என்பதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? செம்பு உண்மையிலேயே ஒரு திசைக்கு மட்டும் எளிதாக வழிவிட்டால், அது டையோடு ஆகிவிடும். டையோடு வேலையைச் செய்யத்தான் உங்கள் ஆம்பிளிஃபையருக்குள் நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ் ஒன்று காத்திருக்கிறது; உள்ளே நுழைந்த மின்சாரத்தை அது நேர்திசையாக்கிய பிறகே ஒலிக்கான சுற்றுகள் தொடங்குகின்றன.

தெரு மூலையில் 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் மீட்டர் வரை மின்சாரம் வருவது பெரும்பாலும் அலுமினியத்தில். அந்த அலுமினியத்தில் யாரும் அம்பு போடவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

முத்தியால்பேட்டை இசைப்பிரியர் எழுதுகிறார்:

பெரியவர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நண்பர் கேட்டதற்கு அது விடையாகவில்லை. அவருக்கும் அவர் துணைவியாருக்கும் கேட்ட வேறுபாட்டை எலெக்ட்ரான் கணக்கு அழித்துவிடாது. புதுச்சேரியில் என் வீட்டில் டி.ஏ.சி.க்கும் ஆம்பிளிஃபையருக்கும் இடையிலான சிக்னல் கேபிளில் அம்பு இருக்கிறது. அதைத் திருப்பினால் இரைச்சல் கூடுகிறது. சிக்னல் கேபிளுக்குத் திசை இருக்கும்போது, பவர் கேபிளுக்கு மட்டும் இல்லை என்று அடித்துச் சொல்வது எப்படி? காது முதலில் கண்டுபிடிக்கிறது. மீட்டர் பின்னால் வருகிறது.

துறைமுகத்தான் எழுதுகிறார்:

இருவரும் சொல்வதில் பாதிப் பாதி சரி என்று எனக்குப் படுகிறது.

முத்தியால்பேட்டை அண்ணா, உங்கள் சிக்னல் கேபிளின் அம்புக்குப் பொருள் இருக்கிறது. ஆனால் அது செம்பைப் பற்றியது அல்ல. அத்தகைய கேபிள்களில் உள்ளே இரண்டு கம்பிகள் சிக்னலைச் சுமக்க, வெளியே உள்ள பின்னல் உறையை ஒரு முனையில் மட்டும் இணைத்திருப்பார்கள். எந்த முனை என்பதைச் சொல்லத்தான் அம்பு. திருப்பினால் உறை வேறொரு கருவியின் கிரவுண்டோடு சேர்கிறது, இரைச்சல் மாறலாம். அமைப்பே இரு முனைகளிலும் ஒன்றாக இல்லாததால் வரும் திசை அது. பவர் கேபிளின் மூன்று கம்பிகளோ இரு முனைகளிலும் ஒன்றுபோலவே இணைக்கப்படுகின்றன.

மஞ்சக்குப்பம் நண்பரே, நீங்கள் கேட்ட நடுக்கம் உண்மை என்றே நம்புகிறேன். ஏனெனில் கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்துகிறது. ஐந்து கட்டை ஷட்ஜம், அதாவது ‘ஸ’, ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். அதன் கீழே தம்புராவின் பஞ்சமம் 147. 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலின் மூன்றாவது மடங்கு 150. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு மூன்று முறை அலை எழும்பி அடங்கும்.

அது ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி. நீங்கள் கேபிளை மட்டும் திருப்பவில்லை; இரு பிளக்குகளையும் கழற்றி மறுபடி பொருத்தினீர்கள். பழைய ஜப்பானிய ஆம்பிளிஃபையர் என்கிறீர்கள். பின்புறச் சாக்கெட்டில் எர்த் முள் இல்லாமல் இரண்டு முட்கள் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அதன் உலோகப் பெட்டி எர்த்துடன் சேராமல் மிதக்கிறது. ஆம்பிளிஃபையருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்றில், அதாவது சுவர் மின்சாரம் நுழையும் சுற்றில், எந்த முனைக்குப் பேஸ் (மின்னழுத்தம் உள்ள கம்பி), எந்த முனைக்கு நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பும் கம்பி) என்பதைப் பொறுத்துச் சிறு கசிவு மின்னோட்டம் பெட்டிக்குக் கூடவோ குறையவோ வரும். எர்த் உள்ள கணினி மறுமுனையில் இருப்பதால் அந்தக் கசிவு சிக்னல் கேபிளின் வெளியுறை வழியாகக் கணினிக்குப் போகும். போகும் வழியில் இரைச்சலைக் கொடுக்கும். மறுபடி பொருத்தியபோது பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், நீங்கள் கேட்டது அம்பின் பலன் அல்ல.

சரிபார்ப்பது எளிது. சிக்னல் கேபிள்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஆம்பிளிஃபையர் பெட்டியின் திருகுக்கும் கணினியின் உலோக உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். சுவர் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்து, எர்த் துளை மேலே இருக்கும்படி பார்க்கும்போது வலப்பக்கத் துளையில்தான் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று: நம் ஊர்க் கடற்காற்றில் பித்தளை முட்கள் விரைவில் மங்கிவிடுகின்றன. என் வீடு துறைமுகத்துக்கு அருகில் இருப்பதால், பிளக்கை ஒரு முறை பிடுங்கிச் செருகினாலே தொடுமுனை சுத்தமாகி, அதுவரை இருந்த கரகரப்பு போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் திசையைச் சோதிக்க விரும்பினால், மீதமுள்ள ஒன்றரை மீட்டரில் அம்பு எதிர்த்திசையில் இருக்கும்படி இன்னொரு கேபிள் செய்துகொள்ளுங்கள். எது பொருத்தப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல், வேறொருவர் நாணயம் சுண்டி மாற்ற வேண்டும். பத்து முறைக்கு ஒன்பது முறையாவது சரியாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். எட்டு என்றால் பதினெட்டில் ஒருவருக்கே வாய்த்துவிடும், அது போதாது.

மஞ்சக்குப்பம் ரசிகன் எழுதுகிறார்:

துறைமுகத்தான் அவர்களுக்கு நன்றி. தவறு என்னிடமும் இருந்தது, சுவரிலும் இருந்தது.

ஆம்பிளிஃபையரில் இரண்டு முட்கள்தாம். சுவர் சாக்கெட்டில் டெஸ்டர் இடப்பக்கத் துளையில் எரிந்தது. எந்தக் காலத்திலோ வயரிங் செய்தவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டிருக்கிறார். முதல் முறை நான் பிளக்கைச் சரியாகப் பொருத்தியதால் ஆம்பிளிஃபையருக்குள் தலைகீழாகப் போயிற்று. இரண்டாம் முறை, சுவரிலிருந்த சிவப்புக் கறுப்பையும் கேபிளில் இருந்த பழுப்பு நீலத்தையும் குழப்பிக்கொண்டு பிளக்கில் மாற்றிப் பொருத்தியிருக்கிறேன். இரண்டு தவறுகளும் சேர்ந்து ஒன்றையொன்று நேராக்கிவிட்டன. பெட்டியில் அளந்தபோது ஒரு விதத்தில் 84 வோல்ட், மறு விதத்தில் 31 வோல்ட்.

கெடிலக்கரை எழுதுகிறார்:

84 வோல்ட்டை விட்டுவிடுங்கள் ஐயா. கசிவின் அளவு சிறியது, மீட்டர் அதைப் பெரிதாகக் காட்டும். அந்தச் சாக்கெட்டின் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. சுவிட்சை அணைத்தாலும் கருவிக்குள் பேஸ் நிற்கும். ஒலியை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வீட்டின் மற்ற சாக்கெட்டுகளையும் எர்த்தையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் ரசிகன் எழுதுகிறார்:

சாக்கெட் சரிசெய்யப்பட்டுவிட்டது; சமையலறையிலும் ஒன்று அதேபோல் தலைகீழாக இருந்தது. பிறகு பிளக்கை முறைப்படி பொருத்தி, எதிர்த்திசைக் கேபிளையும் செய்து, என் மச்சானை அடுத்த அறையில் உட்காரவைத்து நேற்று மாலை சோதித்தோம். பத்தில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். இரண்டு முறை அவர் கேபிளை மாற்றவே இல்லை. நான் "இதுதான் தெளிவு" என்று சொல்லியிருக்கிறேன். முத்தியால்பேட்டை நண்பர் கடலூர்ப் பக்கம் வந்தால் அவரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அம்பு இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைத் திருப்ப மறுபடியும் திருப்புளி எடுக்க எனக்குச் சோம்பலாக இருக்கிறது.