269–270: வாஜ்பாயைக் கவிழ்த்த ஒரு ஓட்டு யாருடையது?

பழையபேப்பர்:
1999 ஏப்ரல் 17, மக்களவையில வாஜ்பாய் அரசு மேல நம்பிக்கை ஓட்டெடுப்பு. கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சபாநாயகர் பாலயோகி ஆதரவு 269, எதிர்ப்பு 270னு வாசிச்ச நொடி இன்னும் உறுத்துது. கிரிதர் கமாங் பிப்ரவரியிலேயே ஒரிசா முதல்வர் ஆயாச்சு, எம்.பி. பதவியை மட்டும் விடல. 'உங்க மனசாட்சிக்கே விட்டுடறேன்'ங்கிற மாதிரி பாலயோகியும் ஒதுங்கிட்டார். கமாங் எதிர்த்து ஓட்டுப் போட்டார். கவுத்தது அவர்தான்.

கணக்குவாத்தியார்:
கணக்கு உதைக்குதே சார். கமாங் வராம இருந்தா 269-269. சமமா வந்தா மட்டும்தான் அரசியல் சாசனத்தோட 100வது பிரிவுப்படி சபாநாயகருக்கு ஓட்டு. பாலயோகி தெலுங்கு தேசக்காரர், அவங்க வாஜ்பாயை ஆதரிச்சாங்க. மிச்சம் யூகம்தான். ஆனா காஷ்மீர்ல இருக்கிற தேசிய மாநாட்டுக் கட்சியோட சைபுதீன் சோஸ், கட்சி சொன்னபடி ஆதரவா போட்டிருந்தா? 270-269, ஆட்சி பிழைச்சிருக்கும். ஒருத்தர் வராம போனா ஒரு ஓட்டுதான் குறையும், கட்சி மாறிப் போட்டா ரெண்டு ஓட்டு இடிக்கும். சோஸைக் கட்சியை விட்டே நீக்கினாங்க, ஓட்டு ஓட்டுதான். கொறடா உத்தரவை மீறினா பதவிக்குத்தான் ஆபத்து, போட்ட ஓட்டு செல்லும்.

லக்னோவாசி:
ரெண்டு பேரையே பிடிச்சுத் தொங்குறீங்க. பகுஜன் சமாஜ் ஓட்டெடுப்புல கலந்துக்காதுன்னுதான் அரசுத் தரப்பு நம்பிக்கிட்டு இருந்துச்சு. மாயாவதி கடைசி நேரத்துல எதிர்த்துட்டாங்க. அந்த 5 பேர் ஒதுங்கியிருந்தா 269-265.

சட்டப்புள்ளி:
கமாங் ஓட்டுப் போட்டது சட்டவிரோதம்னு வாட்ஸப்ல சுத்துறதை யாரும் இங்க கொண்டுவந்துடாதீங்க. அரசியல் சாசனம் 164(4)படி சட்டமன்றத்துல இல்லாதவரும் ஆறு மாசம் முதல்வரா இருக்கலாம். ஒரே ஆள் நாடாளுமன்றம், சட்டமன்றம் ரெண்டுலயும் உறுப்பினரா இருக்கிறதைத்தான் 101(2) தடுக்குது. கமாங் அப்போ எம்.எல்.ஏ.வே இல்ல. அழகா இருந்துச்சாங்கிறது வேற கேள்வி.
யாரும் கேக்கலதான், இருந்தாலும் சொல்லிடறேன். அன்னைக்கு வந்தது நம்பிக்கையில்லாத் தீர்மானம் இல்ல. அது எதிர்க்கட்சி கொண்டுவரது, 50 உறுப்பினர் எழுந்து நிக்கணும். இது ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் கேட்டு, வாஜ்பாயே கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானம். அவையில இருக்கிற மின்னணுப் பலகையில வர்ற எண்ணும் உடனே முடிவு ஆயிடாது. பட்டன் சரியா பதியலன்னா சீட்டு எழுதிக் கொடுத்துத் திருத்தலாம், அதையும் சேர்த்துத்தான் சபாநாயகர் அறிவிப்பார். டிவி கிளிப்பை நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்க்கிறவங்க மக்களவை நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் படிங்க. பேர் பேரா இருக்கும். 1996ல வாஜ்பாய் ஆட்சி 13 நாள்ல போனதையும் இதோட குழப்பிக்காதீங்க, அப்போ ஓட்டெடுப்புக்கே விடாம ராஜினாமா பண்ணிட்டார்.

கணக்குவாத்தியார்:
பாடம் நடத்தினதுக்கு நன்றி. அழகா இருந்துச்சாங்கிறதுதானே பழையபேப்பரோட கேள்வியே?

மெட்ராஸ்மணி:
தமிழ்ல இவ்வளவு பேசியும் அதிமுகவோட 18 எம்.பி.யை யாரும் வாயைத் திறந்து சொல்லல. ஏப்ரல் 14 ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்காம இருந்திருந்தா ஓட்டெடுப்பே கிடையாது. இன்னொரு பக்கம், திமுக அன்னைக்கு வாஜ்பாய்க்கு ஆதரவா ஓட்டுப் போட்டு, அக்டோபர்ல மந்திரிசபையிலயே உட்கார்ந்துச்சு. நடுவுல கார்கில் போரை நடத்தினது தோத்துப்போன அதே காபந்து அரசு.

பழையபேப்பர்:
18 பேர் போனது கூட்டணிக் கணக்கு. நான் கேக்கிறது கமாங்கை. புவனேஸ்வர்ல முதல்வர் நாற்காலி, டெல்லியில ஓட்டு. ரெண்டும் எப்படி?