ரோமில் காசு செலவில்லாமல் என்ன பார்க்கலாம்?

கேள்வி:
மார்ச்சில் அம்மாவோட நாலு நாள் ரோம் போறேன். கொலோசியம், வத்திக்கான் மியூசியம் ரெண்டுக்கும் டிக்கெட் போட்டதிலேயே பட்ஜெட் காலி. மீதி நேரத்துக்கு இலவசமா என்ன இருக்கு? பாந்தியன் (பழங்கால ரோமானியக் கோயில்) இலவசம்னு ஒரு பழைய பதிவில் படிச்சேன். அம்மாவுக்கு முட்டி வலி.

பதில் 1:
பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து டிக்கெட். செயின்ட் பீட்டர்ஸ் பசிலிக்கா இன்னும் இலவசம்தான், ஆனா செக்யூரிட்டி வரிசை பயங்கரம். காலையில் 7 மணிக்கே போயிடுங்க. வலது பக்கம் முதல்லயே மிக்கேலாஞ்சலோவோட பியத்தா (இறந்த இயேசுவை மடியில் வச்ச மாதா சிலை), கண்ணாடிக்குப் பின்னாடி. மாசத்தோட முதல் ஞாயிறு கொலோசியமே இலவசம், தெரியுமா?

கேட்டவர்:
அடடா, டிக்கெட் போட்டாச்சே!

பதில் 2:
விடுங்க, அந்தக் கூட்டத்துல அம்மாவை நிக்க வைக்க முடியாது. நான் சொல்றது சர்ச்சுகள். நவோனா சதுக்கம் பக்கத்துல சான் லூயிஜி தெய் ஃபிரான்செசி. உள்ளே இடது ஓரக் கடைசியில் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவோட மூணு ஓவியம், 1600 வாக்கில் வரைஞ்சது. நான் போனப்ப ஒரே இருட்டு. பக்கத்துல இருந்த பெட்டியில் காசு போட்டேன், விளக்கு எரிஞ்சுது. ஒண்ணுல, மேசையில் உக்காந்து வரி வசூலிக்கிற மத்தேயுவை இயேசு கை நீட்டிக் கூப்பிடறார். ஓரத்துல இருக்கிற பையன் தலையே நிமிரலை, காசை எண்ணிக்கிட்டே இருக்கான். காசு எண்றவனைப் பார்க்க நாம காசு போடணும்! ரெண்டு நிமிஷத்துல விளக்கு அணைஞ்சிடுச்சு. பின்னாடி நின்னவங்க யாரும் பையில கை விடலை, நானே மறுபடி போட்டேன். சில்லறை வச்சுக்கோங்க.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தா சாந்த் அகொஸ்தினோ சர்ச். அங்கயும் ஒரு காரவாஜ்ஜோ ஓவியம்: மாதாவுக்கு முன்னாடி மண்டி போட்ட யாத்ரீகரோட அழுக்குப் பாதம் நம்ம கண்ணுக்கு நேரா இருக்கும். வாசல்ல படி உண்டு, மெதுவா ஏறட்டும். சாந்த் இக்னாசியோ சர்ச்சில் கூரையில் தெரியற குவிமாடம் நிஜம் இல்ல, 1685ல் பொட்சோங்கற ஓவியர் துணியில் வரைஞ்சது. தரையில் ஒரு வட்டக்கல் இருக்கும், அங்க நின்னா குவிமாடம். பலிபீடம் பக்கம் நடந்தா சரிஞ்சு போயிடும். செல்ஃபிக்காக, கூரையைக் காட்டற கண்ணாடி முன்னாடி நிக்கிற வரிசையில் சேர்ந்துடாதீங்க.

பதில் 3:
சான் பியெத்ரோ இன் வின்கோலி சர்ச்சை விட்டுட்டீங்களே! அங்க மிக்கேலாஞ்சலோ செதுக்கின, கொம்பு வச்ச மோசே சிலை இருக்கு. பைபிளோட எபிரேய மூலத்தில் மோசேயின் முகம் ஒளிர்ந்ததுன்னு இருந்ததை லத்தீனில் கொம்புன்னு மொழிபெயர்த்ததால வந்தது. காவூர் தெருவிலிருந்து ஏறினா நீளமான படிக்கட்டு, அதனால டாக்சியில் சர்ச் வாசல்லயே இறங்குங்க. தண்ணி பாட்டிலும் வாங்காதீங்க. தெருவுக்குத் தெரு நாசோனேன்னு குடிதண்ணிக் குழாய்: மூக்கு மாதிரி வளைஞ்ச வாயை விரலால் அடைச்சா மேலே இருக்கிற ஓட்டையிலிருந்து பீறிட்டு வரும். குனியவே வேண்டாம்.

கேட்டவர்:
அம்மாவுக்கு அந்தக் குழாய்தான் பிடிச்சிருக்கு. சர்ச்சுக்கு மதியம் போகலாமா?

பதில் 2:
பல சர்ச் மதியம் சாத்திடுவாங்க. காலையில் ரெண்டு, நாலு மணிக்கு மேல ஒண்ணு. தோளை மூட ஒரு துப்பட்டா எடுத்துக்கோங்க.